பெனிமாக்லெத்தில் வாழக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்

வலென்சியாவுக்குக் குடிவரும் குடும்பங்கள் எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம் என்று கேட்கும்போதெல்லாம் நான் ஒரே பெயரைத்தான் சொல்கிறேன்: பெனிமாக்லெத். கேட்டவர்கள் ஒரு வார்த்தைப் பதிலோடு போயிருப்பார்கள். எனக்கு அத்தோடு விட மனம் வராது. பிள்ளை வளர்க்க இதைவிட நல்ல தெருக்களை நான் எங்கும் கண்டதில்லை. அதை ஆசைதீரச் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்பெயினின் கிழக்குக் கடற்கரையில் இருக்கிறது வலென்சியா. அந்த நாட்டின் மூன்றாவது பெரிய நகரம். சுற்றுலா வருகிறவர்கள் பழைய நகரத்தையும், கண்ணாடியும் வெள்ளைக் கான்கிரீட்டுமாக நிற்கும் கலை அறிவியல் நகரத்தையும் பார்த்துவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். வடகிழக்கு ஓரத்தில் இருக்கும் எங்கள் பகுதிக்கு யாரும் வருவதில்லை. அதுவே எங்கள் முதல் அதிர்ஷ்டம். 1238இல் மன்னர் முதலாம் ஜாவுமே வலென்சியாவைக் கைப்பற்றுவதற்கு முன்பே இங்கே வயல்களுக்கு நடுவில் முஸ்லிம் விவசாயிகளின் சிற்றூர் ஒன்று இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை தனி ஊராகவே இருந்து, அதன்பிறகுதான் நகரத்தோடு இணைந்தது. நகரம் வளர்ந்து வந்து ஊரைச் சூழ்ந்துகொண்டதே தவிர, ஊர் தன்னை விட்டுக்கொடுக்கவில்லை. தேவாலயமும் அதன் முன்னால் சதுக்கமும் அப்படியே இருக்கின்றன. சதுக்கத்திலிருந்து பிரியும் சந்துகளில் ஒரு மாடி, இரண்டு மாடி வீடுகள். சுவரில் பூவேலைப்பாட்டு ஓடுகள், கனத்த மரக்கதவு, ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. முர்த்தா தெருவில் ஒருமுறை நடந்து பாருங்கள், மாநகரத்துக்குள் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். இந்த மையத்தைச் சுற்றித்தான் ஆறேழு மாடி அடுக்குமாடிகள். நாங்கள் இருப்பது அப்படியொன்றில். கீழே இறங்கினால் ரொட்டிக்கடை, எதிரில் மருந்துக்கடை, இரண்டு நிமிடம் நடந்தால் பழங்காய்கறிக்கடை, இன்னும் கொஞ்சம் நடந்தால் பள்ளி. வாரக்கணக்கில் வண்டி எதிலும் ஏறாமலே குடும்பம் நடத்திவிடலாம்.

இந்தப் பகுதி என்னவென்று தெரிய வேண்டுமானால் மாலை ஐந்து மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்று பார்க்க வேண்டும். அழைத்துப்போக வந்தவர்களில் பாதிப்பேர் தாத்தா பாட்டிகள். ஒவ்வொருவர் கையிலும் அலுமினியத் தாளில் சுற்றிய நீள ரொட்டி. உள்ளே ஹாம் இருக்கும், பாற்கட்டி இருக்கும், சில நாள் வெறும் சாக்லேட் துண்டு. இதுதான் மெரியெந்தா என்கிற மாலைச் சிற்றுண்டி. ரொட்டி கைமாறியதும் யாரும் வீட்டுக்குப் போவதில்லை! மொத்தக் கூட்டமும் பக்கத்துப் பூங்காவுக்கு நகர்கிறது. பைகள் ஒரு பெஞ்சில் குவிகின்றன. பிள்ளைகள் ஓடுகிறார்கள், பெரியவர்கள் பேசுகிறார்கள். பூங்காவை ஒட்டிய காபிக்கடையின் மேசைகள் வெளியே இருப்பதால் ஒரு காபியை வைத்துக்கொண்டே ஊஞ்சலைக் கண்காணிக்கலாம். ஏழு மணி, வெயில் காலமானால் எட்டு மணிகூட ஆகிவிடும். என் மகன் யார் வீட்டு ரொட்டியைத் தின்றான், என் மகளின் முழங்கால் சிராய்ப்பை யார் கழுவிவிட்டார்கள் என்பதெல்லாம் பல நாள் எனக்குத் தெரியவே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அங்கே இருக்கிற எல்லாப் பெரியவர்களுக்கும் அங்கே இருக்கிற எல்லாப் பிள்ளைகள் மேலும் ஒரு கண் இருக்கும்.

அந்தக் கண் பூங்காவோடு நிற்பதில்லை. ஜனவரியில் மகனைக் கழுத்துத்துணி இல்லாமல் கூட்டிக்கொண்டு போனால், முன்பின் தெரியாத பாட்டி ஒருவர் நிறுத்தி, "என்னம்மா, புள்ள தொண்டையத் திறந்துபோட்டுக் கூட்டிட்டுப் போறியே, காத்து அடிக்குதுல்ல?" என்று உரிமையோடு கேட்பார். கேட்டுவிட்டு அவனுடைய ஜாக்கெட் ஜிப்பைத் தானே மேலே இழுத்துவிடுவார். சில வெளிநாட்டுத் தோழிகளுக்கு இது தலையீடாகத் தெரிகிறது. எனக்கு இது மிகவும் பிடிக்கும். சொந்தபந்தம் எல்லாம் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கிற எங்களுக்கு இப்படி ஜிப்பை இழுத்துவிடும் கைகள் எத்தனை பெரிய சொத்து!

இந்த ஊர்க் கடைகளில் வரிசையே கிடையாது. ரொட்டிக்கடைக்குள் பத்துப் பேர் இங்குமங்கும் நிற்பார்கள். உள்ளே வருகிறவர் பொதுவாக, "கடைசி யாருங்க?" என்று கேட்பார். ஒருவர் கையைத் தூக்குவார். அவ்வளவுதான், அவருக்கு அடுத்தது நாம். நமக்குப் பின் வருகிறவருக்கு நாம் கை தூக்க வேண்டும். அதற்குப் பிறகு எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், உட்காரலாம், பேசலாம். சுகாதார மையத்திலும் இதே கதைதான். இந்த ஒரு கேள்வியால் ஒரு நாளைக்குக் குறைந்தது இரண்டு பேரோடாவது பேச வேண்டியிருக்கிறது. மொழி திக்கித் திக்கி வந்த காலத்தில் நான் பயமில்லாமல் முழுதாகச் சொன்ன முதல் ஸ்பானிய வாக்கியம் அதுதான். இன்று கடைக்காரப் பெண்மணி என் முகத்தைப் பார்த்ததும் நான் கேட்கும் ரொட்டியைத் தாளில் சுற்ற ஆரம்பித்துவிடுகிறார். தெருவில் எதிர்ப்படுகிறவர், லிஃப்ட்டில் கூட வருகிறவர், யாராக இருந்தாலும் "ஓலா" சொல்லாமல் கடப்பதில்லை.

பகல் இரண்டு மணிக்குச் சின்னக் கடைகளெல்லாம் கதவை இழுத்து மூடும். மீண்டும் திறக்க ஐந்தாகும். அந்த நேரத்தில் எங்கள் தெருவின் அமைதி அலாதியானது. ஜன்னல்களின் சுருள் தட்டிகள் பாதி இறங்கியிருக்கும். உள்முற்றத்துப் பக்கம் கொடியில் துணி காயும். யார் வீட்டிலோ தக்காளியும் பூண்டும் ஆலிவ் எண்ணெயில் வதங்கும் மணம் எல்லா மாடிகளுக்கும் ஏறிவரும். கோடையில் இரவு பத்து மணிக்குமேல்தான் காற்று வரும். அப்போது பழைய வீட்டுக்காரர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். "ஆ லா ஃப்ரெஸ்கா" என்பார்கள் இதை. விசிறியால் விசிறிக்கொண்டு நள்ளிரவு வரைக்கும் பேச்சு. பிள்ளைகள் அந்த நாற்காலிகளுக்கு நடுவே ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். ஆகஸ்ட் மாதத்தில் பதினோரு மணிக்கு ஐந்து வயதுக் குழந்தை தெருவில் விளையாடுவது இங்கே யாருக்கும் விசேஷமில்லை.

நான் உயிரையே விடும் விஷயம் ஒன்று உண்டு. எங்கள் அடுக்குமாடிகள் முடிகிற இடத்தில் வயல்கள் தொடங்குகின்றன. ஓர்த்தா என்று சொல்லப்படும் இந்த வயல்வெளி வலென்சியாவைச் சுற்றி நூற்றாண்டுகளாகக் காய்கறி விளைவித்துத் தருகிறது. சுற்றுச்சாலையைக் கடந்து வடக்கே நடந்தால் ஆல்போராயா. வழி நெடுகக் கூனைப்பூ, வெங்காயம், கீரை, பிறகு கண்ணுக்கெட்டிய வரை சூஃபா. சூஃபா என்பது கோரை இனத்துச் செடியின் சின்னஞ்சிறு கிழங்கு. அதை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, சர்க்கரை சேர்த்துக் குளிரவைத்தால் ஓர்ச்சாத்தா. பால் போல வெள்ளையாக, கொட்டைப் பருப்பின் மணத்தோடு இருக்கும். ஃபார்த்தோன் என்ற நீளமான மெத்து ரொட்டியை அதில் முக்கிச் சாப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை சைக்கிளில் வயல் நடுவே போய் ஓர்ச்சாத்தா குடித்துவிட்டுத் திரும்புவது எங்கள் வீட்டின் பெரிய கொண்டாட்டம். பழைய ரயில் தடம் ஒன்றைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள், வியா சுர்ரா என்று பெயர். கார் பயமே இல்லாமல் பிள்ளைகளை அதில் முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் போகலாம்.

வாய்க்கால்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நான் காவிரிப் பாசனத்து ஊரில் பிறந்தவள். தண்ணீருக்கு முறை வைப்பது, மதகு திறப்பது, கடைமடைக்கு வந்துசேருமா என்று கவலைப்படுவது எல்லாம் வீட்டுப் பேச்சாகவே கேட்டு வளர்ந்தேன். இங்கே ஆல்போராயா வயல்களுக்கு ராஸ்கானியா வாய்க்கால் பாய்கிறது. துரியா ஆற்றிலிருந்து பிரியும் இந்த வாய்க்கால்களில் தகராறு வந்தால் தீர்ப்பதற்கென்றே தண்ணீர் நீதிமன்றம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் நண்பகல் 12 மணிக்குப் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் கூடும். விவசாயிகளே தேர்ந்தெடுத்த எட்டுப் பேர் கறுப்பு மேலங்கி அணிந்து வட்டமாக உட்காருவார்கள். வழக்கறிஞர் கிடையாது. வாதம் வாய்மொழியாகவே நடக்கும், தீர்ப்பும் அங்கேயே அப்போதே. யுனெஸ்கோ 2009இல் இதை மானுடத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. இந்தப் பாசன முறையை ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2019இல் உலக முக்கியத்துவமுள்ள வேளாண் மரபாக அங்கீகரித்தது. முதன்முறை அந்த வாசலில் நின்று பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் பிள்ளைகள் கீரை எங்கிருந்து வருகிறது என்பதையும், அதற்குத் தண்ணீர் யார் விடுகிறார்கள் என்பதையும் பார்த்து வளர்கிறார்கள். ஐரோப்பாவின் மாநகரம் ஒன்றில் இது எத்தனை பிள்ளைகளுக்கு வாய்க்கும்?

இன்னொரு பெருமை இசை. வலென்சியா மாநிலத்தில் 500க்கும் மேற்பட்ட இசைச் சங்கங்கள் இருக்கின்றன. ஊருக்கு ஒரு வாத்தியக் குழு என்று கணக்கு. பெனிமாக்லெத்துக்கும் சொந்தமாக ஒன்று உண்டு. சங்கமே இசைப்பள்ளியும் நடத்துகிறது. பிள்ளை முதலில் சுரம் படிக்கிறது, பிறகு கிளாரினெட்டோ டிரம்பெட்டோ கையில் எடுக்கிறது, தேறியதும் பெரிய குழுவில் சேர்கிறது. நவம்பரில் இசையின் காவல் புனிதை செசிலியாவின் திருநாளையொட்டி, புதிதாகச் சேரும் பிள்ளைகளை அவரவர் வீட்டு வாசலுக்கே வந்து வாசித்து அழைத்துப்போவது வலென்சிய ஊர்களின் வழக்கம். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வாசற்படி இறங்க, தாத்தா வயதுக்காரர்களும் அதே சீருடையில் நின்று அவர்களுக்காக வாசிக்கிறார்கள். இதைப் பார்த்த அன்றே என் மகளைச் சேர்த்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். இப்போது எங்கள் வீட்டில் புல்லாங்குழல் ஒலிக்கிறது.

திருவிழாக்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த இதழ் போதாது. மார்ச்சில் ஃபாயாஸ். பகுதிக்குப் பகுதி குழு அமைத்து, ஆண்டு முழுக்கப் பணம் சேர்த்து, பிரம்மாண்டமான பொம்மைகளை முச்சந்தியில் நிறுத்தி, மார்ச் 19 இரவு கொளுத்திவிடுவார்கள். குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு சின்ன ஃபாயா உண்டு, அதைத்தான் முதலில் எரிப்பார்கள். தெருவிலேயே விறகு மூட்டிப் பாயேயா என்ற அரிசிச் சோற்றைச் சமைப்பார்கள். கோழி, முயல், பட்டை பீன்ஸ், கார்ரொஃபோ என்ற அகலமான வெள்ளை அவரை, குங்குமப்பூ, இவைதான் அசல் வலென்சியப் பாயேயாவின் அடையாளம். அதில் இறாலையோ சாசேஜையோ சேர்த்துவிட்டு எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் நிற்காதீர்கள். ஈஸ்டருக்குக் கடற்கரையில் பட்டம் விடுவார்கள், மோனா என்ற இனிப்பு ரொட்டியில் வைத்த அவித்த முட்டையை அடுத்தவர் நெற்றியில் தட்டி உடைப்பார்கள். அக்டோபர் 9 வலென்சியா தினம். பழங்கள் காய்கறிகள் வடிவில் செய்த பாதாம் மிட்டாய்களைப் பட்டுக் கைக்குட்டையில் கட்டி அன்புக்குரியவர்களுக்குக் கொடுப்பார்கள். என் கணவர் தவறாமல் எனக்குத் தருகிறார்.

வசதி பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெனிமாக்லெத் நிலையத்தில் மெட்ரோவும் டிராமும் சந்திக்கின்றன. மூன்றாம் எண் மெட்ரோ நகர மையத்துக்குப் பத்து நிமிடத்தில் சேர்க்கும், அப்படியே உட்கார்ந்திருந்தால் விமான நிலையம். நான்காம் எண் டிராம் கடற்கரைக்கு. 1994இல் ஓடத் தொடங்கிய அந்தத் தடம்தான் ஸ்பெயினின் முதல் நவீன டிராம். குளியல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு டிராமில் ஏறி மல்வார்ரோசா மணலில் இறங்கலாம். பழைய ஆற்றுப் படுகையில் போட்ட துரியா பூங்காவும் நடை தூரம்தான். அங்கே தரையில் கட்டுண்டு கிடக்கும் 70 மீட்டர் நீள கலிவர் மேல் பிள்ளைகள் ஏறிச் சறுக்கி விளையாடுவார்கள். மூன்று வயதிலிருந்து அரசுப் பள்ளி இலவசம். 14 வயது வரை சுகாதார மையத்திலேயே குழந்தை மருத்துவர் பார்க்கிறார். பிள்ளைகள் ஸ்பானியமும் வலென்சிய மொழியும் சேர்த்தே படிக்கிறார்கள், வீட்டுத் தமிழோடு சேர்த்து மூன்று மொழியில் சண்டை போடுகிறார்கள்.

குறையே இல்லையா? ஜனவரியில் வீட்டுக்குள் குளிரும். இந்தக் கட்டடங்கள் வெயிலை நினைத்துக் கட்டியவை. பல்கலைக்கழகங்கள் பக்கத்தில் இருப்பதால் மாணவர்கள் நிறைய. வியாழக்கிழமை இரவுகளில் மதுக்கடைகள் வரிசையாக இருக்கும் தெருக்களில் சத்தம் இருக்கும், குடும்பத்தோடு வருகிறவர்கள் அந்தத் தெருக்களைத் தவிர்த்தால் போதும். வலென்சியா முழுக்கவே கடந்த சில ஆண்டுகளில் வாடகை ஏறியிருக்கிறது, எங்கள் பகுதியும் விலக்கில்லை. இத்தனைக்குப் பிறகும் வேறெங்கும் போக எனக்கு மனமில்லை.

2024 அக்டோபர் 29 இதை எனக்கு உறுதிப்படுத்தியது. அன்று பெய்த பெருமழையில் வலென்சியாவின் தெற்கேயுள்ள ஊர்கள் மூழ்கின. மாநிலத்தில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1957 அக்டோபர் வெள்ளத்துக்குப் பிறகு துரியா ஆற்றை நகரத்துக்குத் தெற்கே திருப்பிவிட்டிருந்ததால் நாங்கள் நனையாமல் தப்பித்தோம். அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் மண்வாரியும் துடைப்பமும் தூக்கிக்கொண்டு அந்தப் புது ஆற்றின் மேலுள்ள நடைபாலத்தைக் கடந்து நடந்தே தெற்கே போனார்கள். எங்கள் கட்டடத்திலிருந்தும் போனார்கள். மாணவர்கள் சத்தம் போடுகிறார்கள் என்று சலித்துக்கொள்ளும் அதே தெருவில், அந்த மாணவர்கள் இடுப்பு வரை சேறாகித் திரும்பி வருவதைப் பார்த்தோம். மூன்றாம் மாடிப் பாட்டி அவர்களுக்குச் சூப் கொதிக்க வைத்துக் காத்திருந்தார். என் பிள்ளைகள் தண்ணீர்ப் புட்டிகளை அடுக்க உதவினார்கள்.

இந்த ஊர் தன்னைத்தானே காத்துக்கொள்ளத் தெரிந்த ஊர். 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கிழக்கு ஓரத்தில் வங்கி ஒன்றுக்குச் சொந்தமான நிலம் குப்பை மண்டிக் கிடந்தது. அக்கம்பக்கத்தார் சங்கம் போராடி அதைச் சமூகத் தோட்டமாக்கியது. இன்று பாத்தி பாத்தியாகத் தக்காளியும் அவரையும் விளைகின்றன. ஓய்வுபெற்ற விவசாயிகள் இளம் தம்பதிகளுக்குக் கன்று நடக் கற்றுக்கொடுக்கிறார்கள். அந்த ஓரத்தில் உயர்ந்த கட்டடங்கள் கட்டும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. குடியிருப்போர் அதை எதிர்த்துக் கூட்டம் போடுகிறார்கள், பால்கனிகளில் பதாகை கட்டுகிறார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். ஊருக்கும் வயலுக்கும் நடுவே சுவர் எழும்பிவிட்டால் பெனிமாக்லெத்தின் உயிர்நாடி போய்விடும். துரியாவின் பழைய படுகையில்கூட ஒரு காலத்தில் நெடுஞ்சாலை போடவே திட்டமிருந்தது; மக்கள் விடாமல் எதிர்த்ததால்தான் அது பூங்காவாயிற்று. இங்கும் அப்படி நடக்கும் என்று முழுதாக நம்புகிறேன்.

வேலை கிடைத்து வலென்சியாவுக்கு வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. கடலைப் பார்த்த புதுக் கட்டடம், நீச்சல் குளம் என்று விளம்பரங்கள் கண்ணைப் பறிக்கும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரே ஒரு மாலை பெனிமாக்லெத்துக்கு வாருங்கள். சதுக்கத்தில் உட்காருங்கள், பிறகு வயல் பக்கம் நடங்கள். சதுக்கத்தைச் சுற்றியுள்ள சந்துகளிலோ வயலை ஒட்டிய தெருக்களிலோ வீடு தேடுங்கள். அவசரப்பட வேண்டாம், ஆனால் ரொம்பத் தள்ளியும் போடாதீர்கள். பள்ளிச் சேர்க்கைக்கான விண்ணப்பம் வசந்தகாலத்தில் வாங்குகிறார்கள், வீடு அருகில் இருந்தால் மதிப்பெண் கூடும். அதற்குள் வந்து நகராட்சியில் முகவரியைப் பதிந்துவிடுங்கள்.